முட்டை பக்கத்துல பாம்பு

கேள்வி: டைனோசர்னாலே அமெரிக்கா, சீனான்னுதான் காட்டுறாங்க. இந்தியாவுல உருப்படியா ஒண்ணும் கிடைக்கலையா சார்? (சேலம் வாசகர்)

பதில்: என்னங்க இப்படி கேட்டுட்டீங்க! லமேட்டா பாறை அடுக்குன்னு ஒண்ணு இருக்கு, மத்தியப் பிரதேசம், குஜராத், மகாராஷ்டிரா பக்கம், டைனோசர் காலத்தோட கடைசிக்கட்டத்துல படிஞ்சது, அதுக்கு மேலதான் தக்காண எரிமலைக் குழம்பு வந்து மூடுச்சு. ஜபல்பூர்ல 1828லயே ஸ்லீமன்ங்கிற பிரிட்டிஷ் அதிகாரி எலும்பு எடுத்தாச்சு. 2003ல பேர் வச்ச ராஜாசாரஸ் குஜராத்ல கிடைச்ச கறி தின்னி டைனோசர்.

ஆனா எனக்குப் புடிச்சது பாம்புக் கதைதான். குஜராத்ல தோளி துங்ரின்னு ஒரு ஊர்ல 1980கள்ல மொகபேங்கிற புவியியல் ஆய்வாளர் டைனோசர் முட்டைங்களோட ஒரு டைனோசர் குட்டியோட எலும்பும் எடுத்தார், கூட இருந்த எலும்பு பாம்போடதுன்னு பல வருஷம் கழிச்சு இன்னொருத்தர் பாத்துதான் சொன்னார், 2010ல சனாஜேன்னு பேரு வச்சு வெளியிட்டாங்க. மூணரை மீட்டர் பாம்பு, உடைஞ்ச முட்டையைச் சுத்திக் கெடக்கு! அதால மலைப்பாம்பு மாதிரி வாயை அகலமா திறக்க முடியாது, அதனால முட்டையை விட்டுட்டு பொரிஞ்சு வர்ற குட்டிக்குத்தான் காத்திருந்திருக்கும்.

கேள்வி: முட்டை இன்னமும் கிடைக்குதா?

பதில்: கிடைக்குதாவது! மத்தியப் பிரதேசத்துல இருக்குற தார் மாவட்டத்துல மட்டும் 92 கூடு, 256 முட்டைன்னு 2023ல கட்டுரை வந்துச்சு. அங்க சில ஊர்ல உருண்டைக் கல்லுன்னு குலதெய்வமா கும்பிட்டுட்டு இருந்ததே இந்த முட்டையைத்தானாம்.