பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை

வணக்கம். கோத்தகிரி பக்கம் இருக்கிறேன். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். சென்ற மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. கால் தேறி, பிடித்துக்கொண்டு நடக்கிறார். நாம் சொல்வது புரிகிறது. ஆனால் எதைக் கேட்டாலும் ‘அதான்’ என்ற ஒரே பதில். பேத்திக்குத் தாலாட்டு மட்டும் வரி பிசகாமல் பாடுகிறார். லயன் வீடுகளில் ‘பாட வருது, பேச வராதா, நடிக்கிறா’ என்கிறார்கள். மூளையில் பேச்சுக்கும் பாட்டுக்கும் தனித்தனி இடமா?

க.

அன்புள்ள க.,

அம்மா நடிக்கவில்லை. லயனில் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒருவர் பல வருடம் இருந்தார். சொன்னது புரியும், வாயிலிருந்து ‘டான்’ மட்டும் வரும். கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு வசவு முழுசாக வந்து விழும். 1861இல் அவர் இறந்ததும் பால் புரோக்கா என்ற மருத்துவர் அவருடைய மூளையை எடுத்துப் பார்த்தார். இடது முன்மடலின், அதாவது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியின், கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. அந்த இடத்துக்கு இன்றும் புரோக்காவின் பெயர்தான்.

உங்கள் அம்மாவுக்குக் கையும் பேச்சும் சேர்ந்து போய், கால் தப்பியதில் ஒரு கணக்கு இருக்கிறது. மூளையின் மேற்பரப்பான பெருமூளைப் புறணி 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் பெரும்பங்கு மடிப்புகளுக்குள் மறைந்து கிடக்கிறது. உடலை அசைக்கும் பகுதி அதில் ஒரு பட்டை. கனடாவின் மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு அதற்கு வரைபடமே போட்டார். கால் உச்சியில், இரு அரைக்கோளங்களும் சந்திக்கும் உட்பக்கச் சுவரில். பக்கவாட்டில் இறங்கினால் கை, முகம், நாக்கு. முதுகு முழுவதற்கும் சின்ன இடம். விரல்களுக்கும் உதட்டுக்கும் தாராளமான இடம். கொழுந்து கிள்ளும் கட்டைவிரலுக்கு எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும்.

புரோக்கா பகுதி முகம், நாக்குப் பகுதிக்குச் சற்று முன்னால். கை, முகம், பேச்சு மூன்றுக்கும் ரத்தம் தருவது நடுப்பெருமூளைத் தமனி. காலுக்குப் பெரும்பாலும் முன்பெருமூளைத் தமனி. உடலின் வலது பக்கத்தை அசைப்பது மூளையின் இடது பக்கம். நடுத்தமனியின் இடதுபக்கக் கிளை அடைபட்டால் பேச்சும் வலது கையும் போகும், கால் ஓரளவு பிழைக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். ஸ்கேன் பார்த்த டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, பாட்டு? தனித்தனி அறை என்று நினைக்க வேண்டாம். புதிதாக ஒரு வாக்கியம் கட்டிச் சொல்ல, பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம் வேண்டும். மெட்டுக்கு வலது பக்கமும் கைகொடுக்கிறது. தவிர, நூறு தடவை பாடிப் பழகிய வரியில் எதையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. லெபோர்னின் வசவும் அந்த ரகம்தான். கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்தால் குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்குவதில்லையா, அப்படி.

இடத்துக்குப் பெயர் சூட்டியதோடு கதை முடிந்துவிடவும் இல்லை. பாரிஸில் பத்திரமாக வைத்திருந்த லெபோர்னின் மூளையை எம்ஆர்ஐயில் பார்த்து 2007இல் எழுதினார்கள். சேதம் புரோக்கா சொன்ன இடத்தோடு நிற்கவில்லை. பகுதிகளை இணைக்கும் ஆழமான நரம்பிழைகள் வரை போயிருந்தது. 2016இல் வந்த வரைபடம் புறணியை ஒரு பக்கத்துக்கு 180 பகுதிகளாகப் பிரிக்கிறது. எதுவும் தனியாக வேலை செய்வதில்லை. ‘இடது மூளை கணக்கு, வலது மூளை கலை’ என்று குழந்தைகளுக்கு வகுப்பு நடத்திக் காசு பார்ப்பவர்களுக்கு மட்டும் இது எட்டவில்லை போலும்.

இந்தப் பாட்டு வழியையே சிகிச்சையாக்கியும் இருக்கிறார்கள். ‘தண்ணி வேணும்’ போன்ற சின்னத் தேவைகளை ராகம் போட்டு, இடது கையால் தாளம் தட்டிச் சொல்லவைத்து, மெல்ல மெல்ல ராகத்தைக் குறைப்பார்கள். எல்லோருக்கும் பலிக்காது, சிலருக்கு நன்றாகவே பலிக்கிறது. கோவையில் ஒரு பேச்சுச் சிகிச்சையாளரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். அதுவரை ஆம், இல்லை என்று தலையாட்டிச் சொல்லும்படி கேளுங்கள். பதிலுக்கு நேரம் கொடுங்கள். அப்புறம், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் யாரும் அவரிடம் கத்த வேண்டாம்.