நடைபாதை மரங்கள் புயலில் ஏன் வேரோடு சாய்கின்றன? எப்படி நட்டால் நிற்கும்?

முக்கியக் காரணம், அடிமரம் வரை பூசும் சிமெண்ட். வேருக்குக் காற்றும் நீரும் கிடைக்காது. கால்வாய் தோண்டும்போது ஒரு பக்க வேரும் அறுபடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்தவற்றில் குல்மொஹர், பெருங்கொன்றை போன்ற அயல் மரங்கள் ஏராளம். புங்கன், வேம்பு, பூவரசு நடுங்கள்.

குழி மூன்றடிக்கு மூன்றடி, இரண்டடி ஆழம். தோண்டிய மண்ணோடு கால் பங்கு மட்கிய உரம் போதும். கட்டட இடிபாடு கிடந்தால் முழுதும் அகற்றுங்கள். கன்று வரும் பையைக் கிழித்துவிட்டு, வட்டமாகச் சுருண்ட வேர்களை வெட்டிவிட வேண்டும். பலரும் செய்யாமல் விடுவது இதைத்தான். சுருண்ட வேர் மரத்தை ஒருநாளும் பிடித்து நிறுத்தாது! தண்டும் வேரும் சேருமிடம் தரைமட்டத்தில் இருக்கட்டும், புதைக்காதீர்கள். தாங்குகம்பைத் தளர்வாகக் கட்டி, ஓராண்டில் எடுத்துவிடுங்கள். இரண்டு கோடைகளுக்கு வாரம் இருமுறை இருபது லிட்டர் தண்ணீர். அடிமரத்தைச் சுற்றி மூன்றடிச் சதுரம் எப்போதும் மண்ணாகவே இருக்க வேண்டும்.