மொட்டை மாடி ஓங்காரம்

கே: வி.எல்.எப். (மிகத் தாழ்ந்த அதிர்வெண் ரேடியோ அலை) ரிசீவரைப் போட்டாலே கடுகு பொரிகிற சத்தம். பழுதா? (தஞ்சாவூர்)

மின்னல். 2,000 கி.மீ. தள்ளி அடித்தாலும் கேட்கும். உங்கள் ஊரிலேயே இடி இடித்தால் ஆன்டெனாவை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போங்கள்.

கே: இரவில் மட்டும் ‘ட்யூங்’ என்கிறதே? (ஈரோடு)

அதற்குப் பெயர் ட்வீக். அதே மின்னல்தான். தரைக்கும் அயனிமண்டலத்துக்கும் (வளிமண்டலத்தின் மேலே உள்ள மின்னேறிய அடுக்கு) இடையே முட்டி மோதி வரும்போது 1.8 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அலைகள் பின்தங்கிவிடுகின்றன. பகலில் அயனிமண்டலத்தின் அடியடுக்கு அதை விழுங்கிவிடும்.

கே: மாடியில் பதிவு செய்தேன். பூமித்தாய் ‘ஓம்’ என்கிறாள். ஆடியோ இணைத்துள்ளேன். (சென்னை)

இந்த மாதம் வந்த நான்காவது ஓம் இது. முழுதும் கேட்டேன். மூன்றாம் நிமிடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். உடனே ஓங்காரம் கனக்கிறது. கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்பது 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும். மின்வெட்டு நேரத்தில் கேட்டுப் பாருங்கள், பூமித்தாய் மௌனமாகிவிடுவாள். எத்தனை முறை எழுதுவது: மின்கம்பியை விட்டு ஒரு கிலோமீட்டராவது விலகிப் போங்கள்! இன்னொன்று, இவை ஒலியே அல்ல. ரேடியோ அலைகள். அதிர்வெண் நம் காதுக்கு எட்டும் அளவில் இருப்பதால் ஸ்பீக்கரில் கேட்கிறோம், அவ்வளவுதான். அனுப்பும் முன் ஒரு தடவையாவது நீங்களே கேட்கக் கூடாதா?

கே: மின்னலில் பிறந்து ரிசீவரில் விசில் போலக் கேட்கும் அலையை, அதாவது விசிலரை, முதலில் கேட்டவர் யார்? (மதுரை)

முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்ட ஜெர்மானியர் பார்க்ஹவுசன் கேட்டு எழுதினார். அவருக்கு முன்பும் தந்திக் கம்பிகளில் கேட்டவர்கள் உண்டு. மின்னலின் அலை பூமியின் காந்தப்புலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மறு அரைக்கோளத்தில் இறங்குகிறது என்று 1953-இல் விளக்கியவர் ஸ்டோரி என்ற ஆய்வாளர். வழியில் உயர் அதிர்வெண் முந்திக்கொள்ளும், தாழ்ந்தது பிந்தும். அதனால்தான் விசில் மேலிருந்து கீழே சரிகிறது.

கே: ஆறு மாதமாகத் திருநெல்வேலியில் காத்திருக்கிறேன். ஒரு விசிலர்கூட இல்லை.

வராது. காந்த நிலநடுக்கோடு உங்கள் பக்கத்தில்தான் போகிறது. அங்கே புலக்கோடுகள் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கின்றன. அலை ஏறிப் போக வழியில்லை. வாராணசி, குல்மார்க்கில் பதிவு செய்திருக்கிறார்கள். உங்களுக்கு வாய்த்தது விஜயநாராயணம் கடற்படை நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ். அது மனிதர் அனுப்புவது, அதையும் எனக்குப் பதிவு செய்து அனுப்ப வேண்டாம்.

கே: கைபேசிச் செயலியில் இதையெல்லாம் பிடிக்கலாமா? (கோவை)

முடியாது.