கேள்வி–பதில்: கிங் காங்கின் ரோமம்

கேள்வி: 1933-இல் வந்த ‘கிங் காங்’ படத்தில் குரங்குத் தோல் போர்த்திய ஆள்தான் நடித்தார் என்கிறார் மாமனார். பொம்மை என்கிறான் மகன். யார் சொல்வது சரி?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: மகன் பக்கம்தான் தீர்ப்பு. மார்செல் டெல்காடோ செய்த பொம்மை அது; உயரம் சுமார் 18 அங்குலம். உள்ளே மூட்டு மூட்டாக மடங்கும் உலோக எலும்புக்கூடு, அதன்மேல் தசைக்குப் பஞ்சும் ரப்பரும், வெளியே முயல் ரோமம். வில்லிஸ் ஓ'பிரையன் குழுவினர் அதை இம்மி இம்மியாக நகர்த்தி, நகர்த்திய ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்தார்கள். திரையில் ஒரு நொடி ஓட 24 படம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விரல் பட்டதால் ரோமம் கலைந்தது. அதுதான் திரையில் காற்றடித்தாற்போல் சிலிர்க்கிறது. கோபத்தில் சிலிர்க்கிறது என்று நினைத்தவர்களும் உண்டு!

கதையில் வரும் தீவில் ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி என்று கணக்கு, ஆக 18 அடி. நியூயார்க் கட்டடங்களின் முன் அது சோப்ளாங்கியாகத் தெரிந்ததால் அங்கே 24 அடியாக வளர்த்தார்கள். விளம்பரத்தில் சொன்ன 50 அடியை மறந்துவிடுங்கள். நடிகை ஃபே ரேயைப் பிடிக்கும் கையையும், பெரிதாகக் காட்டும் தலை-மார்பையும் முழு அளவில் செய்தார்கள். அந்தத் தலைக்குள் ஆட்கள் இருந்து கண்ணையும் வாயையும் இயக்கினார்கள். மாமனார் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. 1954-இல் வந்த ஜப்பானின் ‘காட்ஜில்லா’வில்தான் உடைக்குள் ஆள். ‘கிங் காங்’கைப் பார்த்து மயங்கிய, அதன் தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயா அதற்கும் பொம்மை முறையையே விரும்பினார், நாள் போதவில்லை.

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகள் இதே முறையில் போனில் 10 நொடிப் படம் எடுத்தார்கள். வெளிச்சம் மின்னி மின்னி வருகிறது, பொம்மை சாய்ந்து விழுகிறது.
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: மின்னுவதற்குப் பெரும்பாலும் ஜன்னல்தான் காரணம். நொடிக்கு 12 படம் போதும் என்றாலும் 10 நொடிக்கு 120 படம்; எடுத்து முடிப்பதற்குள் வெயில் இடம் மாறிவிடும். திரையை இழுத்து மூடி இரண்டு விளக்கு வையுங்கள். போனில் ஃபோகஸ், வெளிச்ச அளவு, நிறம் மூன்றையும் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் படத்துக்குப் படம் அது ஒன்றை முடிவு செய்யும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்.இ.டி. விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 நொடி அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள். இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: எடுப்பவரின் வெள்ளைச் சட்டை. அதில் பட்டுத் திரும்பும் ஒளியும் மின்னலாகவே தெரியும். கறுப்புச் சட்டை போடச் சொல்லுங்கள்.

சாய்வதற்குக் காரணம் பாதம். பிரெஸ்டிக் (பிசைந்து ஒட்டும் பசை) சிறிய களிமண் பொம்மைக்குத் தாங்கும். ஒற்றைக் காலில் நிற்கும் குரங்குக்குத் தாங்காது. ஒவ்வொரு பாதத்திலும் எம்3 (3 மி.மீ. திருகாணிக்கான) நட்டு ஒன்றைப் பதித்து, பலகையில் துளையிட்டு அடியிலிருந்து திருகாணியால் இறுக்குங்கள். எலும்புக்கு 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி இரண்டை முறுக்கிக்கொள்ளலாம். இரும்புக் கம்பி வளைத்த இடத்தில் நிற்காமல் துள்ளித் திரும்பும். செம்பு வளைக்க வளைக்க இறுகி ஒடியும். அலுமினியமும் ஒருநாள் ஒடியத்தான் செய்யும், முதலில் முழங்கையில். கூடுதலாக ஒரு கையைச் செய்து வைத்திருங்கள்.

ரோமம் ஒட்டினால் குட்டையாக வெட்டி, ஹேர் ஸ்ப்ரே அடித்து, கேமராவுக்குத் தெரியாத முதுகுப் பக்கமாகப் பிடித்து அசையுங்கள். காட்டுக்கு நிஜச் செடி வேண்டாம். விளக்குச் சூட்டில் இலை வாடுவது படத்தில் நெளிவதுபோல் தெரியும்.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கில் மேடையேறிய ‘கிங் காங்’ இதே கதையா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இல்லை. அது எசகியேல் டிலாமினி என்ற குத்துச்சண்டை வீரரின் கதை. ‘கிங் காங்’ அவருடைய பட்டப்பெயர். டாட் மாட்ஷிகிசா இசையில் 1959 பிப்ரவரி 2 அன்று விட்ஸ் பல்கலைக்கழகத்தில் அரங்கேறி, 1961-இல் லண்டனுக்கும் போனது. பாடகி மிரியம் மகேபா லண்டன் குழுவில் இல்லை. அவர் குரலுக்காகத் தேடுகிறீர்கள் என்றால் 1959 தென்னாப்பிரிக்கக் குழுவின் இசைத்தட்டாகப் பார்த்து வாங்குங்கள்.