நீங்கள் கேட்டவை: நெடுந்தூரம் ஓடப் பிறந்த பழைய ஜி.டி. கார்கள்

கேள்வி: ‘ஜி.டி.’ என்ற எழுத்துகளை இப்போது சின்ன கார்களில்கூட ஒட்டி விடுகிறார்கள். உண்மையில் அந்தப் பெயர் எதற்கு உரியது? (வாசகர், மதுரை)

பதில்: இத்தாலிய மொழியில் ‘கிரான் டூரிஸ்மோ’ என்றால் பெரும்பயணம். இரண்டு பேர், அவர்களுடைய பெட்டிகள், மழைக்கும் பனிக்கும் மூடிய கூரை, நாள் முழுக்க வேகமாக ஓட்டினாலும் இடுப்பு நோகாத இருக்கை. இவை இருந்தால்தான் அது ஜி.டி. 1951-ல் வந்த லான்சியா ஆரேலியா பி20-ஐ இதற்கு முதல் உதாரணமாகச் சொல்வார்கள். முன்னால் வி6 எஞ்சின். கிளச்சும் கியர்பாக்ஸும் பின் சக்கரங்களுக்கு நடுவில். எடை இப்படிப் பகிர்ந்திருப்பதால் மலை வளைவுகளில் கார் தடுமாறாது. அதே ஆண்டு இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில், 2 லிட்டர் எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு, 4.1 லிட்டர் ஃபெராரிக்கு அடுத்தபடியாக இரண்டாவது வந்தது. அழகு, வேகம், சொகுசு மூன்றும் ஒரே உடம்பில் அமைந்த அந்தக் காலத்தை நினைத்து ஏங்குபவர்கள் ஏங்கட்டும். அதில் தவறே இல்லை.

கேள்வி: என்னிடம் 1966 வால்வோ 1800எஸ் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் ஒரு நொடி திணறிவிட்டுத்தான் வேகமெடுக்கிறது. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் ஐடிலிங்கும் சீராக இல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரை மாற்றிவிடலாமா? (வாசகர், லண்டன்)

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள். எஸ்.யூ. போல எளிய, நேர்மையான கார்புரேட்டர் கிடைப்பது அரிது. ஆனால் அதில் கை வைப்பதற்கு முன்னால் வால்வு கிளியரன்ஸ், பிளக், பாயின்ட், இக்னிஷன் டைமிங் நான்கையும் கையேட்டில் உள்ளபடி சரி செய்யுங்கள். கார்புரேட்டர் மேல் போடும் பழியில் பாதி இக்னிஷனுடையது.

நீங்கள் சொல்லும் திணறலுக்கு முதல் சந்தேகம் டேஷ்பாட் எண்ணெய், அதாவது கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனின் வேகத்தைத் தணிக்கும் எண்ணெய். கார்புரேட்டரின் மேல்மூடியைத் திருகிக் கழற்றினால் மெல்லிய கம்பியில் டேம்பர் (தணிப்பான்) வரும். உள்ளே எஸ்.ஏ.இ. 20 என்ற அடர்த்தி எண் கொண்ட எண்ணெய் இருக்க வேண்டும். மூடியைத் திரும்ப இறக்கும்போது, மரை பிடிக்க ஏறக்குறைய 6 மி.மீ. இருக்கும்போதே கையில் தடை தெரிந்தால் அளவு சரி. எண்ணெய் இல்லாவிட்டால் பிஸ்டன் சட்டென்று எழும்பிவிடும், காற்று அதிகமாகும், பெட்ரோல் போதாமல் போகும். அதுதான் அந்த ஒரு நொடித் திணறல்.

அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் பிஸ்டனை விரலால் தூக்கி, கையை விடுங்கள். ‘டக்’ என்ற உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். மெத்தென்று நின்றால் பெட்ரோல் வரும் துளையான ஜெட் நடுவில் இல்லை, அல்லது உள்ளே அழுக்கு. சுத்தம் செய்யும்போது ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை மற்றதில் போட்டுவிடாதீர்கள். இரண்டும் அவற்றின் மூடியோடு ஜோடி சேர்ந்தவை.

எஞ்சின் நன்றாகச் சூடானதும் இரண்டு த்ராட்டிலையும் (கலவைக்கு வழிவிடும் தட்டுகளை) இணைக்கும் கிளாம்பைத் தளர்த்துங்கள். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டிலும் ‘ஸ்ஸ்’ ஒலி ஒன்றாகும்வரை ஐடில் ஸ்குருவைத் திருகுங்கள். பிறகு அடியில் உள்ள ஆறுபக்க ஜெட் நட்டு. கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு நட்டின் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவு மட்டும் திருப்பி, பிஸ்டனை 1 மி.மீ. அளவுக்குத் தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தள்ளாடி அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. கடைசியில் கிளாம்பை இறுக்கும்போது இரண்டு த்ராட்டிலும் ஒன்றாகத் திறக்கின்றனவா என்று பார்க்க மறவாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐடிலிங் ஏறி இறங்கினால் த்ராட்டில் தட்டைத் தாங்கும் தண்டான ஸ்பிண்டில் தேய்ந்திருக்கிறது. அதைப் பிடித்து ஆட்டினால் தெரியும். அந்த இடுக்கு வழியாகக் காற்று புகுகிறது. பலரும் பெட்ரோலைக் கூட்டி இதை மறைக்கிறார்கள்; பிளக் கருத்துப்போவதுதான் மிச்சம். புது ஸ்பிண்டிலும் புஷ்ஷும் போடுவதே தீர்வு.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை உள்ளிருந்தே மென்மையாக்கி வெடிப்பு விழச் செய்யும். சூப்பர் ரகமான இ5 போடுங்கள். குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள். சூடான எக்ஸாஸ்டுக்கு மேலே பெட்ரோல் கசிவது விளையாட்டல்ல.

கேள்வி: அதே ரக வால்வோ 1800எஸ் ஒன்று 30 லட்சம் மைல் ஓடியது உண்மையா?

பதில்: உண்மை. அமெரிக்காவின் இர்வ் கார்டன் 1966-ல் வாங்கிய 1800எஸ், 2013-ல் 30 லட்சம் மைலைத் தாண்டியது. ஏறக்குறைய 48 லட்சம் கிலோமீட்டர். அவர் கையாண்டது மந்திரம் அல்ல, விடாத பராமரிப்பு.

கேள்வி: ஜாகுவார் இ-டைப் ஒன்று விலைக்கு வருகிறது. பெயின்ட் பளபளக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: பெயின்டைப் பார்க்காதீர்கள். நீண்ட பானெட்டைத் தூக்கி, எஞ்சினைச் சுற்றியுள்ள குழாய்ச் சட்டத்தைப் பாருங்கள். உள்ளே காலியான மெல்லிய குழாய்கள் அவை, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பேட்டரிக்கு அருகே அமிலம் சிந்திய இடத்தை முக்கியமாகக் கவனியுங்கள். சிறு சுத்தியலால் தட்டும்போது கணீரென்று கேட்க வேண்டும். மேலே வெல்டிங் ஒட்டுப் போட்டிருந்தால் அந்தச் சட்டத்தையே மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பிறகு தரையில் படுத்துப் பின்பக்கம் பாருங்கள். இ-டைப்பில் பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கின்றன. பிரேக் சூட்டில் ஆயில் சீல் கருகி, எண்ணெய் டிஸ்க்கில் வழியும். சீலின் விலை சொற்பம். ஆனால் அதைத் தொட புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியஸ் ஆர்ம், பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாவற்றையும் பிரித்து, ரப்பர் மவுண்ட்களைக் கழற்றி, இவற்றைத் தாங்கும் பின் கூண்டு முழுவதையும் கீழே இறக்க வேண்டும். இறக்கியாகிவிட்டால் சீலோடு நிறுத்தாமல் டிஸ்க், காலிப்பர், ரப்பர் மவுண்ட் அனைத்தையும் ஒரே முறையில் பார்த்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் நன்றாகச் சூடான பின், 3,000 ஆர்.பி.எம்.மில் ஆயில் பிரஷர் 40 பி.எஸ்.ஐ. அளவில் நிற்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.