சீலைப்பேன் கேள்வி-பதில்: மருந்து உடம்புக்கு இல்ல, துணிக்கு

இந்த தடவை வந்த கேள்வில பாதி சீலைப்பேன் பத்திதான். வெளிய சொல்ல கூச்சப்பட்டுக்கிட்டே நிறைய பேர் எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு கூச்சப்படாதீங்க, இது சரி பண்ணக்கூடிய விஷயம்.

மேடம், ஊர்ல தனியா இருந்த தாத்தாவ இப்பதான் வீட்டுக்கு கூட்டிட்டு வந்தோம். ராத்திரி பூரா இடுப்பு, முதுகுனு சொறிஞ்சிக்கிட்டே இருக்கார். உடம்புல தேடிப் பாத்தா ஒண்ணுமே காணோம். சொறி சிரங்கா?

உடம்புல தேடினா கிடைக்காதுங்க. அவர் கழட்டிப் போட்ட சட்டை, பனியன், டிராயர் எல்லாத்தையும் உள்பக்கம் திருப்பி நல்ல வெளிச்சத்துல தையலை விரிச்சுப் பாருங்க. அக்குள் மடிப்பு, காலர், நாடா போற இடம், அங்கதான் இருக்கும். எள்ளு சைஸ்ல பழுப்பா ஊர்ந்தாலோ, தையல் நூலோட ஒட்டி வெளிர் மஞ்சளா முட்டை இருந்தாலோ சீலைப்பேன்தான். குடியிருக்கறது, முட்டை வைக்கிறது எல்லாம் துணிலதான், ரத்தம் குடிக்க மட்டும் தோலுக்கு வந்துட்டு போயிடும். விரல் இடுக்கு, மணிக்கட்டுல அரிப்பு ஜாஸ்தினா அது சொறியா இருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற, டாக்டர்கிட்ட காட்டுங்க.

தாத்தாவ நல்லா குளிக்க வச்சு, துவைச்ச துணி போட்டு விடுங்க. அரைஞாண் கயிறு கட்டியிருந்தா அதையும் மாத்திடுங்க. முக்காவாசி பேருக்கு இது போதும், மருந்தே தேவைப்படாது. சொறிஞ்ச இடம் புண்ணாகி சீழ் வச்சிருந்தா மட்டும் லேட் பண்ணாம டாக்டர்கிட்ட போங்க. இன்னொண்ணு, அவர திட்டாதீங்க. தண்ணி தூக்க முடியாம, துணிய கசக்கிப் பிழிய கைல பலம் இல்லாம ஒரே சட்டைய நாள்கணக்கா போட்டிருப்பார், அவ்ளோதான்.

வாஷிங் மெஷின் இல்ல, என்ன பண்றது?

அண்டா போதும். 54 டிகிரிக்கு மேல சூடு வேணும், அதாவது கை வைக்கவே முடியாத சூடு. தண்ணிய கொதிக்க விட்டு இறக்கி, துணிய முழுசா முக்கி அரை மணி நேரம் மூடி வச்சுட்டு அப்புறம் சோப்பு போட்டு துவைங்க. போர்வை, துண்டு, தலகாணி உறையும் சேத்துதான், அத விட்டுட்டா திரும்ப வந்துடும். காஞ்சதும் தையல் மேல அழுத்தி சூடா அயர்ன் பண்ணுங்க. கம்பளி மாதிரி வெந்நீர்ல போட முடியாதத பிளாஸ்டிக் கவர்ல இறுக்கிக் கட்டி 2 வாரம் தொடாம வச்சிடுங்க, ரத்தம் கிடைக்கலனா பேன் ஒரு வாரத்துக்கு மேல தாங்காது, முட்டைலேந்து வர்ற குஞ்சும் பட்டினிலயே செத்துடும். அதுக்கப்புறமும் வாரத்துக்கு ஒரு தடவையாவது துணிய மாத்தி இப்படி துவைக்கணும்.

மொட்டை அடிக்கணுமா? மண்ணெண்ணெய் தடவலாமா?

மொட்டை வேணாம், தலைப்பேன் வேற, இது வேற. மண்ணெண்ணெய், பூச்சி ஸ்ப்ரே ரெண்டும் உடம்புல படவே கூடாது. தோல் வெந்துடும், தீப்பிடிக்கிற ஆபத்து வேற.

வீட்டு நாய்கிட்டேந்து வருமா?

வராது. இதுக்கு மனுஷ ரத்தம்தான் வேணும்.

ரோட்டோரம் இருக்கவங்கள குளிப்பாட்டி விடற குரூப்ல இருக்கேன். எங்களுக்கும் ஒட்டிக்குமா?

நல்ல வேலை பண்றீங்க, விட்டுடாதீங்க. இது பறக்காது, குதிக்காது, ஊர்ந்துதான் வரும். அதனால அவங்க பழைய துணிலதான் ஜாக்கிரதை வேணும். கிளவுஸ் போட்டு எடுத்து உடனே கவர்ல போட்டு கட்டிடுங்க, உங்க தோள்ல, பைல போடாதீங்க. குளிப்பாட்டிட்டு அதே சட்டைய மாட்டி விட்டா பண்ணின வேலை அத்தனையும் வீண், அதனால ஆளுக்கு ரெண்டு செட் துணியாவது குடுங்க.

வட ஆப்பிரிக்காவுல துனிஸ் நகரத்துல சார்ல் நிக்கோல்னு ஒரு டாக்டர், டைபஸ்னு ஒரு காய்ச்சல் (டைஃபாய்டு வேற, இது வேற) வந்த நோயாளிங்க துணிய கழட்டி குளிப்பாட்டி உள்ள அனுப்பினப்புறம் வார்டுல யாருக்கும் பரவல, ஆனா வெளிய அந்த துணிய கையாண்டவங்களுக்கு காய்ச்சல் வருதேனு கவனிச்சார். 1909ல பேன்தான் அத பரப்புதுனு நிரூபிச்சார், 1928ல நோபல் பரிசும் வாங்கினார். கிருமி இருக்கறது பேனோட கழிவுல, நாம சொறியும்போது கீறல் வழியா உள்ள போயிடுது. அதனால அந்த பழைய துணிய உதறவும் உதறாதீங்க. எல்லா பேன்லயும் இந்த கிருமி இருக்காது, பயந்துடாதீங்க. ஆனா உங்க குரூப்லயோ அவங்கள்லயோ யாருக்காவது திடீர்னு கடுமையான காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, உடம்புல தடிப்புனு வந்தா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு போய், பேன் இருந்த விஷயத்தையும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. சொன்னாதான் அவருக்கு அந்த கோணத்துல யோசிக்கத் தோணும், சீக்கிரம் ஆரம்பிச்சா ஆன்டிபயாடிக்லயே நல்லா கேக்கும்.