அப்பாவுக்கு 67 வயது: சிட்டிசன்ஷிப் தேர்வில் விலக்கு கிடைக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2020-ல் கிரீன் கார்டு கிடைத்து, நியூ ஜெர்சி எடிசனில் எங்களோடு இருக்கிறார். சிட்டிசன்ஷிப்புக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆங்கிலம் வாசிப்பார், எழுதுவார். நேரில் யாராவது பேசினால் தடுமாறுவார். 1999-ல் கிரீன் கார்டோடு வந்த பெரியப்பா, "65 தாண்டிவிட்டால் 20 கேள்விதான், தமிழிலேயே பதில் சொல்லலாம்" என்கிறார். மளிகைக் கடையில் 100 கேள்விகள் உள்ள அட்டைக்கட்டு வாங்கினோம். நண்பர் ஒருவர் 128 கேள்வி என்கிறார். எங்களுக்கு வருமான வரி பார்த்துத் தருபவரோ, 1,800 டாலர் கொடுத்தால் டாக்டர் படிவம் வாங்கித் தேர்வே இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்கிறார். எதை நம்புவது? ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன்தான் இப்போதைக்குத் தாத்தாவுக்கு வாத்தியார்.

பதில்: முதல் வேலையாக, அந்த 1,800 டாலரைக் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள். அப்பாவின் பெயரில் எந்தக் காகிதத்திலாவது கையெழுத்து வாங்கியிருந்தால் அதன் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

பெரியப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு நடந்ததைச் சொல்கிறார். ஆனால் அது உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. இந்த ஒரு விதியில் குழம்பாத குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். இதில் மூன்று இருபது இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு. சாதாரண விண்ணப்பதாரரிடம் அமெரிக்க வரலாறு, அரசமைப்பு பற்றி அதிகாரி கேட்பது அதிகபட்சம் 20 கேள்வி. அது ஒரு இருபது. சலுகை பெற்ற முதியவர்கள் படிக்க வேண்டிய சிறிய பட்டியலில் இருப்பதும் 20 கேள்வி. அது இரண்டாவது. அந்தச் சலுகை கிடைக்க கிரீன் கார்டோடு இந்த நாட்டில் 20 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். அது மூன்றாவது. பெரியப்பா சொல்வது இரண்டாவதை. அவருக்கு அது கிடைத்தது மூன்றாவதால். வயது 65 ஆனது பாதிக் காரணம்தான். வயதும் வேண்டும், 20 வருடமும் வேண்டும். இரண்டும் விண்ணப்பம் போடும் நாளில் நிறைந்திருக்க வேண்டும். இன்டர்வியூ நாளில் நிறைந்தால் போதாது. கார்டில் "ரெசிடென்ட் சின்ஸ்" என்று ஒரு தேதி இருக்கும். அங்கிருந்து எண்ணுங்கள். முதல் தடவை விசிட்டர் விசாவில் வந்து பேரனைப் பார்த்துவிட்டுப் போன மாதங்களெல்லாம் இந்தக் கணக்கில் வராது. எத்தனையோ பேர் "அப்பா 2004-லிருந்து வந்து போகிறார்" என்று என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். வந்து போனது வேறு, கிரீன் கார்டோடு வாழ்ந்தது வேறு. 20 வருடம் உள்ளவர்களுக்கு அந்தச் சிறிய பட்டியலிலிருந்து 10 கேள்வி கேட்பார்கள். 6 சரியாக இருந்தால் போதும். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழில் சொல்லலாம். உங்கள் அப்பாவுக்கு இது கிடைக்கும் வருடம் 2040. அப்போது அவருக்கு 80 தாண்டியிருக்கும். 55 வயதும் 15 வருடமும் உள்ளவர்கள் முழுப் பட்டியலையும் தமிழில் சொல்லலாம் என்ற விதியும் உண்டு. அதற்கும் 2035 வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியவருக்கு இது தாண்ட முடியாத மலை இல்லை.

அடுத்தது 100-ஆ, 128-ஆ. விண்ணப்பம் போட்ட தேதிதான் இதைத் தீர்மானிக்கிறது. 2025 அக்டோபர் 20-க்கு முன் என்-400 படிவம் (அதுதான் சிட்டிசன்ஷிப் விண்ணப்பம்) போட்டவர்களுக்குப் பழைய 100 கேள்வி: 10 கேட்பார்கள், 6 சரியாக வேண்டும். அன்றோ அதற்குப் பிறகோ போட்டவர்களுக்கு 128 கேள்வி: 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். 12 வந்ததும் நிறுத்திவிடுவார்கள், 9 தவறானாலும் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் இனிமேல்தான் போடப் போகிறீர்கள் என்பதால் 128. கடையில் வாங்கிய அட்டைக்கட்டைத் தூக்கி உள்ளே வையுங்கள். அதிலுள்ள பல கேள்விகள் புதிதிலும் வரும். ஆனால் எது இல்லை, எது மாறியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இந்தக் குழப்பம் உங்களுடைய தவறல்ல. 2008-லிருந்து ஒரே தேர்வு நடந்துவந்தது. 2020 டிசம்பரில் 128 ஆக்கினார்கள். 2021 மார்ச்சிலேயே அதைக் கைவிட்டு 100-க்குத் திரும்பினார்கள். 2025-ல் மறுபடியும் 128. விதி எழுதுகிறவர்களுக்கு அது ஒரு சுற்றறிக்கை. 70 வயதில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக மனப்பாடம் செய்பவருக்கு அது ஒரு வருட உழைப்பு. இந்த மாற்றங்களுக்கு நடுவில் மாட்டிய பெரியவர்களின் முகங்களை நான் பார்த்திருக்கிறேன். இதை எளிதாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

கேள்விகளும் பதில்களும் குடியேற்றத் துறையின் அரசு இணையதளத்தில் இலவசம். முகவரி "டாட் கவ்" என்று முடிகிறதா என்று பாருங்கள். "டாட் காம்", "டாட் ஆர்க்" என்று முடிந்து, கொடியும் கழுகும் போட்டு, படிவத்துக்கே பணம் கேட்கும் தளங்கள் நிறைய உண்டு. படிவத்துக்கு விலை கிடையாது. அரசுக்குக் கட்டும் கட்டணம்தான் செலவு: இப்போதைய நிலவரப்படி இணையத்தில் போட்டால் 710 டாலர், காகிதத்தில் போட்டால் 760. ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, சபாநாயகர், உங்கள் மாநில ஆளுநர், செனட்டர் ஆகியோரின் பெயர்களை மட்டும் எந்தப் புத்தகத்திலிருந்தும் படிக்க வேண்டாம். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அதே அரசுத் தளத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

இனி அந்த வரி ஆலோசகர். அவர் சொல்லும் படிவம் என்-648. உண்மையிலேயே இருக்கும் படிவம்தான். டிமென்ஷியா வந்தவர், பக்கவாதத்தில் பேச்சோ நினைவோ போனவர், இவர்களைப் போன்ற நோயாளிகளுக்காக வைத்திருக்கிறார்கள். நோய் 12 மாதமாவது நீடிக்க வேண்டும். அந்த நோயால் இவரால் ஏன் கற்க முடியாது என்று பரிசோதித்த டாக்டர் விளக்கி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முழங்கால் வலியும் இதற்குக் காரணமாகாது. வயது நிச்சயமாகக் காரணமாகாது. தினமும் நாளிதழ் படித்துப் பேரனோடு சதுரங்கம் ஆடும் ஒருவருக்கு "நினைவுக் குறைபாடு" என்று எழுதி வாங்கி, அதே மனிதரை அதிகாரிக்கு முன் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன ஆகும்? அதிகாரி நாலு வார்த்தை பேசினாலே தெரிந்துவிடும். பொய்ப் படிவத்தில் இருப்பது அப்பாவின் கையெழுத்து. பிரச்சினை வந்தால் சிட்டிசன்ஷிப் மட்டுமல்ல, கிரீன் கார்டே கேள்விக்குள்ளாகும். 1,800 டாலர் வாங்கியவர் அன்று போனை எடுக்க மாட்டார்.

நம்மவர்கள் இதில் ஏமாறுவதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. ஊரில் நோட்டரி என்றால் பெரும்பாலும் வக்கீல். கறுப்புக் கோட்டு, முத்திரை. இங்கே நோட்டரி என்பவர் கையெழுத்துப் போட்டது இவர்தான் என்று அத்தாட்சி தருகிற ஆள், அவ்வளவுதான். அவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. கடை வாசலில் "நோட்டரி, டாக்ஸ், இமிக்ரேஷன்" என்று ஒரே பலகையில் எழுதியிருந்தால் அங்கே சட்ட ஆலோசனை கேட்காதீர்கள். குடியேற்ற விஷயத்தில் ஆலோசனை சொல்ல அனுமதி இருப்பது வழக்கறிஞர்களுக்கும், நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதிகளுக்கும்தான். "கன்சல்டன்ட்" என்று பெயர் போட்டுக்கொண்டால் அந்த அனுமதி வந்துவிடாது.

படிப்புக்கு வருகிறேன். 128-ஐயும் ஒன்றிலிருந்து வரிசையாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். உங்கள் அப்பா ஆசிரியர். அவருக்கு முதலில் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய தேயிலை, நம் சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த படையின் தளபதி கார்ன்வாலிஸ். அதே கார்ன்வாலிஸ்தான் பிறகு இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-ல் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்தார். அவர் சிலை இன்றும் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இதைக் கேட்ட தமிழாசிரியர் யார்க்டவுனை மறக்க மாட்டார். "அமெரிக்கப் புரட்சியின் முக்கிய நிகழ்வு ஒன்றைச் சொல்" என்ற கேள்விக்கு யார்க்டவுன் ஒரு சரியான பதில். ட்ரென்டனும் சரி: 1776 கிறிஸ்துமஸ் இரவில் பனிக்கட்டி மிதந்த டெலவேர் ஆற்றைக் கடந்து வாஷிங்டன் தாக்கிய ஊர். அதே ட்ரென்டன்தான் உங்கள் மாநிலத் தலைநகர், அது தனியாக ஒரு கேள்வி. ஒரு சனிக்கிழமை காரில் அழைத்துப்போய்க் காட்டிவிட்டு வாருங்கள், இரண்டு கேள்வி முடிந்தது.

போர்களையும் இப்படியே சேர்த்துக் கட்டலாம். கொரியப் போரில் ஏன் இறங்கினார்கள், வியட்நாமில் ஏன் இறங்கினார்கள்: இரண்டுக்கும் பதில் கம்யூனிசம் பரவுவதைத் தடுக்க. பனிப்போரின் கவலை எது என்றாலும் கம்யூனிசம். ஒரு சொல், மூன்று கேள்வி. இரண்டாம் உலகப்போருக்கு பேர்ல் ஹார்பர், வளைகுடாப் போருக்கு ஈராக் படையைக் குவைத்திலிருந்து வெளியேற்ற. பொருளாதாரத்தில் 1929-ன் பங்குச் சந்தைச் சரிவு, அதிலிருந்து பெருமந்தம், அப்போதும் இரண்டாம் உலகப்போரிலும் ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். ஹாமில்டன் முதல் நிதி அமைச்சர். ஐசன்ஹோவர் இரண்டாம் உலகப்போரில் தளபதி, பிறகு ஜனாதிபதி, 1956-ல் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர். எடிசன் வழியாகப் போகும் 287-ல் ஏறும்போதெல்லாம் அவர் பெயரைக் கேளுங்கள்.

ஆனால் என் அனுபவத்தில் பெரியவர்கள் சறுக்குவது வரலாற்றில் அல்ல. கேள்விக்குப் பதில் மனப்பாடமாக இருக்கும். என்-400 படிவத்திலிருந்து அதிகாரி கேட்கும் சாதாரணக் கேள்விதான் புரியாது. அவர்கள் ஆங்கிலம் பேசுகிறார்களா என்று பார்ப்பது அங்கேதான். ஒரு அம்மா 100 கேள்விக்கும் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வார். "எப்போதாவது உங்களை அமெரிக்கக் குடிமகள் என்று சொல்லிக்கொண்டதுண்டா" என்று அதிகாரி கேட்டார். மரியாதைக்காகச் சிரித்துக்கொண்டே "யெஸ், யெஸ்" என்றார். அது தலைபோகிற விஷயம் என்று அவருக்குத் தெரியாது. பிறகு விளக்கிச் சரிசெய்ய நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "ஹாவ் யூ எவர்" என்று தொடங்கினால் முழுதாகக் கேட்டு, புரிந்த பிறகே பதில் என்று அப்பாவைப் பழக்குங்கள். "பேர் ஆர்ம்ஸ்" என்றால் ஆயுதம் ஏந்துவது, "ஓத்" என்றால் உறுதிமொழி. இப்படி முப்பது, நாற்பது சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். வாசிக்க மூன்று வாக்கியத்தில் ஒன்று, எழுத மூன்றில் ஒன்று சரியாக இருந்தால் போதும். அவருக்கு அது பிரச்சினையே இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அப்பா ஊருக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் ஒரே மூச்சில் தங்கியதுண்டா? கடந்த ஐந்து வருடத்தில் 30 மாதமாவது இந்த நாட்டில் இருந்திருக்கிறாரா? பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து நாள் கணக்குப் போட்டுவிட்டு விண்ணப்பம் போடுங்கள். கணக்கு இடித்தால் அப்போது வழக்கறிஞரிடம் போங்கள். அந்தப் பணம் வீண் போகாது.

முதல் தடவை தவறினால், தவறிய பகுதியை மட்டும் 60 முதல் 90 நாளுக்குள் மறுபடி வைப்பார்கள். இரண்டாவது முறையும் தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், மறுபடி முழுக் கட்டணம்.

வாத்தியாராக உங்கள் மகனே இருக்கட்டும். நீங்கள் கேட்டால் அப்பாவுக்குப் பழகிய நம்மூர் ஆங்கிலம் காதில் விழும். பேரன் கேட்டால் அந்த அதிகாரி பேசப்போகும் ஆங்கிலம் விழும். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துக் கேள்வி, வரிசை மாற்றி, வேகமாக. புரியாவிட்டால் அப்பா தலையாட்டக் கூடாது. "பிளீஸ் சே இட் அகெய்ன்" என்று சொல்ல வேண்டும். அதிகாரி திரும்பச் சொல்வார், வேறு சொற்களிலும் கேட்டுப் பார்ப்பார். அதற்காக மதிப்பெண் குறையாது. அந்த நாலு சொல்லை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.